ஏழு பதினொன்று

குமணன்சாவடி
5 ஏப்ரல் 2025

அன்புள்ள பாஸ்கலுக்கு,

அயனம்பாக்கம் வீட்டுச் சாவி நேற்று கைக்கு வந்தது. சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பில்டர் கொடுத்த பளபளப்பான புத்தகத்தில் நம் சமையலறை எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? இடது சுவரோடு மேடை, எதிரே ஃபிரிட்ஜ், நடுவே வட்ட மேஜை, நாலு நாற்காலி, போதாததற்கு ஒரு பூந்தொட்டி. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வெறும் தரையில் நின்று பார்த்தேன். அந்த நாற்காலியில் ரியாவின் கரடி பொம்மைதான் உட்கார முடியும். அறையைச் சரியாக வரைந்துவிட்டு, சாமான்களை மட்டும் சுருக்கி வரைந்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜ் ஒன்றேகால் அடி அகலம்! சாமான் சின்னதானால் அறை பெரிதாகத் தெரியும். இந்த வித்தைக்கு நாம் இரண்டு பேரும் தலையை ஆட்டியிருக்கிறோம்.

மேஜை போனால் போகட்டும். என் கவலை அடுப்பு. வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம், முதல் எட்டிலேயே கேஸ் வரும் குழாயை வைத்திருக்கிறார்கள். ஹாலிலிருந்து ஓடி வருகிற குழந்தைக்கு முதலில் எட்டுவது கொதிக்கிற பாத்திரத்தின் பிடிதான். ரியாவுக்கு இரண்டரை வயது. அவள் நடப்பதில்லை, ஓடத்தான் செய்கிறாள்.

போன மாதம் எழுதினேனே, கஞ்சி பட்டு அவள் கை ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சிவந்தது என்று. அது ஆறிவிட்டது. ஆனால் இனி அடுப்பு வாசலருகில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் திட்டம் இது. வலது சுவரோடு இரண்டாவது மேடை ஒன்று போட வேண்டும். அதன் உள்கோடியில், ஜன்னல் ஓரம், அடுப்பு. இப்போது அடுப்புக்கு வைத்திருக்கிற இடத்தில் மேடையைக் குறைத்து ஃபிரிட்ஜ். அடுப்பின் முன் நின்றால் வாசல் எனக்குத் தெரியும். வாசலிலிருந்து அடுப்புக்கு வரக் குழந்தைக்கு நேரமாகும்.

படம் வைத்தால் உங்கள் கப்பல் மின்னஞ்சல் கடிதத்தையே திருப்பிவிடுவதால் அளவை எழுத்தில் தருகிறேன். தச்சர் முகமது ஆசிக் டேப் வைத்து அளந்து சுவரில் பென்சிலால் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். நீளம் 10.4. அகலம் 7.11. மேடை இரண்டு பக்கமும் 2, 2.

மே பத்தாம் தேதி கிரானைட் வெட்டுகிறார்கள். வெட்டிவிட்டால் முடிந்தது. உங்கள் பெயரில் இருக்கிற வீடு, நீங்கள் சரி என்று சொல்லாமல் ஆசிக் கல்லில் கை வைக்க மாட்டார். ஒரு வார்த்தை எழுதுங்கள். சரி என்று மட்டும்.

செல்வி

*

கப்பலிலிருந்து
9 ஏப்ரல்

செல்விக்கு,

சாவி வந்ததற்கு முதலில் ஒரு கைதட்டல். என்ஜின் அறையில் கேட்காது, இருந்தாலும் தட்டினேன்.

உன் கடிதம் கிடைத்ததும் என்ஜின் அறை டியூட்டி முடிந்து வந்து, பிஸ்கட் டப்பா அட்டையில் நம் சமையலறையை வரைந்துவிட்டேன். இருபதில் ஒரு பங்கு அளவு. அதே அளவில் மேடை, ஃபிரிட்ஜ், சிங்க் எல்லாவற்றையும் வெட்டி அடுக்கிப் பார்த்தேன். நீயும் செய்து பார். கத்தரி, அட்டை, ஸ்கேல் போதும்.

சொல்வதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உன் திட்டம் நிற்காது. இரண்டு மேடை போட்டால் நடுவே மிஞ்சுவது 3.11. அதுகூடப் பரவாயில்லை என்று வை. ஃபிரிட்ஜ் மேடையைவிட வெளியே துருத்தும். அதன் கதவைத் திறந்தால் நீ நிற்க எட்டு அங்குலம் மிஞ்சுகிறது. எட்டு அங்குலத்தில் நிற்க நீ என்ன தபால் உறையா?

ஆகவே ஒரே மேடை. அடுப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எதிர்ச்சுவரில் ஃபிரிட்ஜ். வாசலுக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு போட்டுக்கொள்ளலாம், தாழ்ப்பாளோடு. வாடகை வீட்டிலும் அதைத்தானே போட்டிருக்கிறோம்?

ஒரு ரூபாய் அளவு சிவந்ததற்காக ஒரு வீட்டுச் சமையலறையையே திருப்பிப் போட வேண்டுமா, யோசி. நான் சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டியில் கை வைத்தவன். அந்தத் தழும்பு எந்தக் கையில் என்றுகூட மறந்துவிட்டது.

ரியாவுக்கு என் முத்தம். ஒரு கன்னத்துக்கு ஒன்று, ஏமாற்றாதே.

பாஸ்கல்

*

குமணன்சாவடி
14 ஏப்ரல்

பாஸ்கல்,

நேற்று குருத்தோலை ஞாயிறு. பூசையில் ரியா கையிலிருந்த ஓலையை முன்வரிசைப் பெண்ணின் கொண்டையில் செருகிவிட்டாள். அதைத் தவிர இந்த வாரத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

நீங்கள் சொன்னபடி ராகி மாவு டப்பாவை வெட்டினேன். இருபதில் ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவுத்திட்டம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு நீங்கள் 'கத்தரி, அட்டை, ஸ்கேல்' என்று பாடம் எடுத்ததை நான் கண்டுகொள்ளவில்லை என்று நினைக்க வேண்டாம். கண்டுகொண்டேன்.

என் அட்டையில் எல்லாம் அடங்குகிறது. நடுவே 3.11 என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், நானும் அதையேதான் சொல்கிறேன். அப்புறம் என்ன தகராறு? அது தாராளமாகப் போதும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் எனக்கு ஒன்றரை அடி நிற்க இருக்கிறது. எட்டு அங்குலம் எங்கிருந்து வந்தது?

ஆசிக்கைக் கேட்டேன். "மூணு பதினொண்ணு போதுமா பாய்?" என்றேன். காதுக்கு மேலிருந்து பென்சிலை எடுத்து மறுபடியும் காதுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, "இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? மூணு பதினொண்ணுல ஆட்டோவே உட்டு திருப்பலாம். எங்க ஊட்ல ரெண்டரை அடிதான் கீது. அதுலயே நானு, எங்க வூட்டம்மா, மிக்சி மூணு பேரும் நிக்கிறோம்" என்றார்.

தடுப்புக் கதவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாடகை வீட்டில் போட்டதுதான். அன்றைக்கும் அது இருந்தது. நான்தான் தாழ்ப்பாள் போடவில்லை. இரண்டு கையிலும் சாமான் இருந்தது, காலால் தள்ளிவிட்டுப் போனேன். மூடிக்கொண்டதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை நம்ப வேண்டுமென்றால் முதலில் என்னை நம்ப வேண்டும். எனக்கு என்னிடம் அந்த நம்பிக்கை இப்போது இல்லை. எனக்குத் தூரம் வேண்டும்.

செல்வி

*

கப்பலிலிருந்து
17 ஏப்ரல்

செல்விக்கு,

கோபப்படாதே. ஒரு கால் தள்ளிவிட்ட கதவுக்காக இவ்வளவு நாள் உன்னையே திட்டிக்கொண்டிருப்பாயா?

இடைவெளி விஷயத்தில் நீயும் நானும் ஒரே எண்ணைச் சொல்கிறோம் என்று நானும் பார்த்தேன். எண் ஒன்றுதான். அது போதும் என்கிறாய், போதாது என்கிறேன். வாயால் பேசி முடியாது என்று பரீட்சையே வைத்துவிட்டேன். எங்கள் கப்பல் சமையல்காரர் கிருபாகரனைத் தெரியுமே, மீன்குழம்பு வைக்கிறவர். அவருடைய சமையலறையில் டேப் வைத்து 3.11 அளந்து, இரண்டு பக்கமும் பெட்டியை நிறுத்தி, அவர் ஒரு பாத்திரம், நான் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு எதிரெதிரே நடந்தோம். இடித்துக்கொண்டோம். பருப்பு என் சட்டையில்.

"தம்பி, இந்த சந்துல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சமைச்சா ஒண்ணு பாசம் அதிகமாகும், இல்ல கோர்ட்டு கேஸ் ஆகும்" என்று அவர் சொல்கிறார். சூடான பாத்திரத்தோடு நீ திரும்பும்போது கீழே ரியா நின்றால்? அதையும் யோசி. உன் திட்டத்தில்தான் ஆபத்து அதிகம்.

எட்டு அங்குலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாய். சரியான அளவில் வெட்டிய ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. உனக்கு ஒன்றரை அடி மிஞ்சுகிறது என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும். உன் ஃபிரிட்ஜ் அட்டை சின்னது. பில்டரைத் திட்டிவிட்டு நீயும் அவரைப் போலவே சாமானைச் சுருக்கி வெட்டியிருக்கிறாய். ஆசைப்பட்டால் கத்தரி அப்படித்தான் போகும். தப்பில்லை.

இதை இத்தோடு முடிப்போமா? 25ஆம் தேதி சிங்கப்பூர். கரையில் சிக்னல் கிடைக்கும், பேசுகிறேன்.

உயிர்ப்புத் திருவிழா வாழ்த்துகள்.

பாஸ்கல்

*

குமணன்சாவடி
22 ஏப்ரல்

பாஸ்கல்,

ஆசைப்பட்டால் கத்தரி அப்படித்தான் போகுமா?

இந்த வரியை ஐந்து நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது, இந்த வரி என்னை என்ன செய்தது என்று. ராகி டப்பா அட்டையை மறுபடி எடுத்து ஃபிரிட்ஜை அளந்தேன். சரியாக இருந்தது. பிறகு ஸ்கேல் சரியா என்று இன்னொரு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பிறகு அந்த இரண்டாவது ஸ்கேல் சரியா என்று யோசிக்க ஆரம்பித்தபோது எனக்கே பயமாகிவிட்டது. கேஸை அணைத்தேனா, தாழ்ப்பாள் போட்டேனா என்று ஒரு மாதமாக எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறவள் நான். இப்போது அந்தப் பட்டியலில் ஸ்கேலும் சேர்ந்துவிட்டது. உங்கள் புண்ணியம்.

அதனால் அட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் பழைய செய்தித்தாள்களை அள்ளிக்கொண்டு அயனம்பாக்கம் போனேன். இருபதில் ஒரு பங்கு இல்லை, முழு அளவு. மேடைக்கு இரண்டடி அகலத்தில் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்தேன், இரண்டு பக்கமும். ஃபிரிட்ஜுக்குப் பழைய போர்வையை அதன் அளவுக்கே மடித்துப் போட்டேன். ஆசிக்கைக் காலிச் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். ஒரு பேப்பரையும் மிதிக்காமல் போய் வந்தார். நான் எதிரே குடத்தோடு நடந்தேன். இடிக்கவில்லை. "மேடம், இன்னும் ஒருத்தர் இருந்தா கூட நடுவுல பூந்து போலாம்" என்றார்.

ஃபிரிட்ஜ் கதவு என்று ஒரு பலகையைப் பிடித்துத் திறந்தேன். நின்றேன். குனிந்தேன். கீழ்த்தட்டிலிருந்து இல்லாத தயிரை எடுத்தேன். இடம் இருந்தது.

நான் அந்த அறைக்குள் நிற்கிறேன். நீங்கள் கடலில் பிஸ்கட் டப்பாவுக்குள் நிற்கிறீர்கள். இரண்டு பேரில் யாருக்குச் சமையலறை தெரியும்? 'இருக்கிறது' என்று நான் சொன்னால் இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை எடுத்துக்கொள்ள உங்களுக்கு ஏன் வரவில்லை?

கல் வெட்ட இன்னும் பதினெட்டு நாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிபோக வேண்டும். எனக்குச் சண்டை போட நேரமில்லை. சரி என்று எழுதுங்கள்.

செல்வி

*

கப்பலிலிருந்து
27 ஏப்ரல்

செல்விக்கு,

கரையிலிருந்து பேசியபோது நீ போனை வைத்துவிட்டாய். நாலு மாதம் கழித்துக் கிடைத்த பதினான்கு நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் சமையலறை. ரியா தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டாய். வீடியோவில் காட்டச் சொன்னேன், இருட்டாக இருக்கிறது என்றாய். அங்கே அப்போது மதியம் மூன்று மணிதான்.

நீ வைத்த பிறகு நான் ஒன்று செய்தேன். சொன்னால் கத்துவாய், சொல்லாமல் இருந்தால் இன்னும் கத்துவாய். ஆசிக்குக்கே போன் செய்தேன். ஒரே மேடை, அடுப்பு இருக்கிற இடத்தில், ஜன்னல் சுவருக்கு சிங்க் கல் என்று சொல்லி, எல்லா அளவையும் மில்லிமீட்டரில் ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டேன். கல்லை அதன்படி வெட்டச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டுமே, செல்வி. நீ ஒவ்வொரு நாளும் இதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்.

செய்தித்தாள் பரீட்சையைப் பற்றி: பேப்பரின் ஓரம் மடங்கியிருக்கும். சிலிண்டரோடு போகிற ஆள் எப்படியும் போய்விடுவான், அதுவே அவன் தொழில்.

கரையில் சிக்னல் இருந்தபோது நீ போனுக்கு அனுப்பிய ரியாவின் படத்தைக் கேபினில் ஒட்டியிருக்கிறேன். அழகாக இருக்கிறாள். ஒன்று கேட்க வேண்டும். சென்னையில் ஏப்ரல் வெயிலில் குழந்தைக்கு எதற்கு முழுக்கைச் சட்டை?

பாஸ்கல்

*

குமணன்சாவடி
30 ஏப்ரல்

பாஸ்கல் அவர்களுக்கு,

தச்சரிடம் நேரடியாகப் பேசி முடித்துவிட்டதாக அறிந்தேன். நல்லது. இனி சாப்பாட்டுக்கு என்ன வைப்பது என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

நானும் ரியாவும் அந்த வீட்டுக்குப் போக மாட்டோம். வாடகை வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அடுப்பு வாசலில் இருக்கிற வீட்டில் நீங்களும் உங்கள் பிஸ்கட் டப்பாவும் குடியிருங்கள்.

அருள்செல்வி

*

அயனம்பாக்கம்
2 மே

பாஸ்கல்,

ஒரே ஒரு கேள்வி. ஓர் அடிக்கு எத்தனை அங்குலம்? பத்தா, பன்னிரண்டா?

பதில் தேடுவதற்குள் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஆசிக் போன் செய்தார். "மேடம், சண்ட கிண்ட அப்பால வச்சிக்கலாம், ஒரு தபா ஊட்டுக்கு வந்துட்டு போங்க" என்றார். போனேன். உங்கள் தாளைச் சுவரில் ஒட்டி அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"சார் எந்த ஊட்டு செவுத்த அளந்து அனுப்சிக்கீறாரு?"

"இந்த வீடுதான் பாய்."

"இது இல்ல மேடம். ஜன்னலாண்ட கல்லுக்கு ரெண்டாயிரத்து நூத்தி அறுவத்தி ஏழுன்னு போட்டுக்கீறாரு. நம்ம செவுரு ரெண்டாயிரத்து நானூத்தி பதிமூணு. அவரு சொன்னாப்ல வெட்னா, கல்லுக்கும் செவுத்துக்கும் நடுவுல பூனை குடும்பம் நடத்தும். கல்லுக்காரன் தேதிக்கு மின்னாடியே, நேத்தே மெஷின ஆன் பண்ட்டான். நான்தான் நிறுத்துடா, டேப்ப வைக்காம வெட்டக் கூடாதுன்னு வந்துட்டேன்."

டேப்பின் ஒரு ஓரத்தில் மில்லிமீட்டர், மறு ஓரத்தில் அங்குலம். உங்கள் எண்ணில் கட்டைவிரலை வைத்து மறு ஓரத்தைப் படித்தார். "ஏழு ஒண்ணு, ரெண்டு நூல்" என்றார். அவர்களுக்கு எட்டு நூல் ஓர் அங்குலம். பிறகு சுவரில் தானே எழுதிய பென்சில் எண்ணைப் பார்த்தார். 7.11. சத்தமாக, "ஏழு பதினொண்ணு" என்று படித்தார். நானும் மனதுக்குள் படித்தேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் புள்ளியை நீங்கள் எப்படிப் படித்திருப்பீர்கள் என்று.

ஏழு அடி பதினோரு அங்குலம், பாஸ்கல். தச்சர்கள் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே வைக்கிற புள்ளி அது. நீங்கள் அதை ஏழு புள்ளி ஒன்று ஒன்று என்று எடுத்துக்கொண்டீர்கள். நம் அறையில் ஏறக்குறைய பத்து அங்குலத்தை அந்தப் புள்ளி விழுங்கிவிட்டது. நடுவே மிஞ்சும் 3.11 என்று நாம் இரண்டு பேரும் எழுதினோமே, நான் எழுதியது கிட்டத்தட்ட நாலடி, நீங்கள் படித்தது மூன்றடிச் சொச்சம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதுதான் கொடுமை. வகுப்பில் யாராவது 'ஏழு புள்ளி பதினொன்று' என்று படித்தால் எழுப்பி நிற்கவைக்கிறவள் நான். சுவரில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று. நான் அட்டை வெட்டிச் சொன்னேன். பேப்பர் விரித்துச் சொன்னேன். ஆசிக் நடந்து காட்டினார் என்றேன். அப்போதுகூட, 'உன் அளவை இன்னொரு முறை எழுது, நான் தப்பாகப் படித்தேனோ' என்று உங்களுக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. என் கத்தரி பொய் சொல்லும், பேப்பர் மடங்கும், எனக்கு உடம்பு சரியில்லை. இவ்வளவும் தோன்றியது.

செல்வி

*

கப்பலிலிருந்து
4 மே

செல்வி,

பன்னிரண்டு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒரு சுவரை மட்டும் வெட்டிப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினேன். அவ்வளவுதான். எல்லாம் உட்கார்ந்துவிட்டது. ஃபிரிட்ஜ் திறக்கிறது. நீ நிற்க ஒன்றரை அடி இருக்கிறது, நீ சொன்னபடியே. பன்னிரண்டு மில்லிமீட்டருக்காக உன்னை ஒரு மாதம் அழவைத்திருக்கிறேன்.

கிருபாகரனிடம் போய்ச் சொன்னேன். மறுபடியும் அளந்து, சரியான இடைவெளி வைத்து நடந்தோம். இடிக்கவில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, மொதல்ல பொண்டாட்டிக்கு லெட்டர் போடு. அப்புறம் வந்து சாப்புடு" என்று தட்டை எடுத்து வைத்துவிட்டார்.

நீ கேட்டதுக்குப் பதில் இருக்கிறது, சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், நீ பயந்திருக்கிறாய் என்று முதல் கடிதத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். பயந்தவர்கள் அளவு தப்பாகத்தான் எடுப்பார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. இங்கே என்ஜின் அறையில் புதியவர்களை அப்படித்தான் பார்ப்போம். நீ புதியவள் இல்லை. அந்த அறையில் நிற்கிறவள் நீ. மன்னித்துவிடு.

ஆசிக்குக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு: உன் திட்டப்படியே இரண்டு மேடை. அடுப்பு உள்கோடியில். என் தாளைக் கிழித்துப் போடச் சொல்.

ஆனால் செல்வி, என் மனசில் ஒரு கணக்கு இன்னும் உதைக்கிறது. ஒரு ரூபாய் காசுக்காக நீ இவ்வளவு தூரம் போக மாட்டாய். வீட்டுக்கே வர மாட்டேன் என்று எழுதும் ஆள் இல்லை நீ. கேமராவை நீ திருப்பவில்லை. முழுக்கைச் சட்டையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நான்தான் அளவைத் தப்பாகப் படித்தேன், சரி. நீ எனக்கு எழுதிய அளவு எல்லாம் சரியான அளவுதானா?

பாஸ்கல்

*

குமணன்சாவடி
7 மே

அன்புள்ள பாஸ்கலுக்கு,

இல்லை.

மார்ச் பதினோராம் தேதி. கஞ்சி முழுவதும் கொதித்திருந்தது. அவள் பிடியை இழுத்தாள். இடது கை, மணிக்கட்டுக்கு மேலே ஆரம்பித்து முழங்கையை நோக்கி. பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள்தான் அவளைக் குழாயடியில் பிடித்துக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேனாம். பதினோரு நாள் கட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் அவள், "அம்மா வேணாம், அப்பா வேணும்" என்று கத்தினாள். மருத்துவர், வெயில் படாமல் ஆறு மாதம் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் சட்டை.

உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது, நீங்கள் எங்கேயோ நடுக்கடலில் இருந்தீர்கள். இறங்கி வர முடியாது. தூங்க மாட்டீர்கள். அதனால் 'ஒரு ரூபாய் காசு அளவு' என்று எழுதினேன். அப்படி எழுதியபோது எனக்கே அது சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு உங்கள் கடிதத்தில் அந்த ஒரு ரூபாய் திரும்பி வந்தபோது உங்கள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! காசைக் கொடுத்தவளே நான்தான். பில்டர் நாற்காலியைச் சுருக்கினதற்கு நான் எவ்வளவு பேசினேன்.

நேற்று அவள் தூங்கியபின் தையல் டேப்பை வைத்து அளந்தேன். இதுவரை அளந்ததில்லை, பார்ப்பேன், அளக்க மாட்டேன். எழுத்திலேயே எழுதுகிறேன், எங்கேயும் புள்ளி வைக்கவில்லை. நீளம் நாலு அங்குலம் மூன்று நூல். அகலம் ஓர் அங்குலம் ஆறு நூல். அவளுடைய முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருப்பதே ஐந்தரை அங்குலம்தான். கை நன்றாக மடங்குகிறது. விரல் எல்லாம் அசைகிறது. இதை நான் சுருக்கி எழுதவில்லை, நம்புங்கள்.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதுங்கள். ஆனால் முழுதாக எழுதுங்கள்.

மன்னிப்பைப் பற்றி: நீங்கள் கேட்டது வந்து சேர்ந்தது. கொடுப்பேனா என்பதை நீங்கள் இறங்கி வந்து ஒரு வாரம் அந்த அடுப்பில் சமைத்த பிறகு பார்க்கலாம். ஆசிக்கிடமும் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் தாளைக் கிழிக்க மாட்டாராம். "சார் வந்தா காட்றதுக்கு வச்சிக்கிறேன், நாளைக்கு நம்ம கிட்ட பேரம் பேசுவாரில்ல" என்கிறார்.

வாடகை வீட்டுக்காரரிடம் போய், காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கல் வெட்டுகிறார்கள்.

இன்று மாலை ரியாவை முதல் தடவையாக அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஆசிக் சாக்பீஸால் தரையில் இரண்டு மேடையையும் போட்டு, உள்கோடியில் அடுப்பை இரண்டு வட்டமாக வரைந்து வைத்திருந்தார், உள்ள அளவில். நான் அந்த வட்டங்களின் முன் போய் நின்று, கரண்டி பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டேன். வாசல் முழுவதும் தெரிந்தது. ரியாவை ஹாலில் விட்டு, "வா" என்றேன்.

ஓடித்தான் வந்தாள். சட்டைக் கை பாதி மடங்கியிருந்தது. நான் எண்ணினேன். வாசலிலிருந்து அந்த வட்டத்தின் ஓரம் வரை அவள் காலுக்குப் பதினோரு எட்டு. ஏழாவது எட்டிலேயே நான் அவளைத் தூக்கிவிட்டேன்.

செல்வி